பைபர் கடை ரெய்லர் எடுக்கிறவை உள் அகலத்தை அளந்துபோட்டு எடுங்கோ: எங்கட பாவனை அனுபவம்

நானும் தம்பியும் அம்மாவும் சேந்து பைபர் (கண்ணாடியிழை) ரெய்லர் ஒண்டில சாப்பாட்டுக் கடை நடத்திறம், சில வருசமாச்சு. பின்னேரத்தில யாழ்ப்பாணம் பண்ணைக் கடற்கரையில நிப்பம், கோயில் திருவிழா வந்தா அங்க போவம், சனி ஞாயிறில சிலநேரம் காரைநகர் கசூரினாப் பக்கம். இப்ப கனக்கப் பிள்ளையள் வேலை தேடி அலைஞ்சு களைச்சுப்போய் இப்பிடி ஒண்டு தொடங்குவம் எண்டு யோசிக்கினம், வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரரும் காசு அனுப்ப ரெடியா இருக்கினம், ஆனா வண்டியை என்னத்தைப் பாத்து எடுக்கிறது எண்டு சொல்ல ஆளில்லை. என்னட்டக் கேட்டா முதல் சொல்லுறது உள் அகலம். பெயின்ற், லைட், ஸ்டிக்கர் எல்லாம் பேந்து மாத்தலாம், நீளம் காணாட்டியும் ஒரு அளவுக்குச் சமாளிக்கலாம், அகலம் ஒருக்கா முடிஞ்சா முடிஞ்சதுதான்.

எங்கட வண்டியைச் செய்விக்க முதல் ஒரு நல்லூர்த் திருவிழாவுக்கு வேற ஒராளின்ர வண்டியை வாடகைக்கு எடுத்து ஓடினனாங்கள். 25 நாள் திருவிழா, கொடியேத்தத்தில இருந்து தீர்த்தம் வரைக்கும் சனம் குறையாது, தேருக்கு முதல்நாள் சப்பறத்தண்டு இரவு நிமிர்ந்து பாக்க நேரமிருக்காது. அந்த வண்டி வெளியால சரியா அஞ்சடி, 60 இஞ்சி. ரெண்டு பக்கச் சுவரும் சட்டமும் உள் பலகையும் போக உள்ளுக்க 57 தான். அடுப்புப் பக்க மேசை 22, சாமான் குடுக்கிற பக்க மேசை 14, மிச்சம் நடைவழி 21 இஞ்சி. அதுக்குள்ள ஒராள் நிண்டு வேலை செய்யலாம், ரெண்டாவது ஆள் கடக்கவேணுமெண்டா முதல் ஆள் வேலையை நிப்பாட்டிப்போட்டு மேசையோட ஒட்டி நிக்கவேணும். தம்பி கொதிக்கிற எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால வடை போட்டுக்கொண்டு நிக்கேக்க நான் பிளேன்ரீத் தட்டோட அவன்ர முதுகுக்குப் பின்னால போறது, ஒவ்வொரு தரமும் எனக்குப் பயம்தான். அந்தத் திருவிழா முடிய முதலே எங்கட சொந்த வண்டியில நடைவழி மூண்டடிக்குக் கிட்ட வரவேணும் எண்டு முடிவெடுத்திட்டம்.

இப்ப எங்கடது வெளியால ஆக அகலமான இடத்தில ஆறரை அடி, அதாவது 78 இஞ்சி. சுவருக்கு ஒரு பக்கம் ஒண்டரை இஞ்சிப்படி போக உள்ளுக்க 75. அடுப்புப் பக்கம் 24, குடுக்கிற பக்கம் 16, நடைவழி 35. நீளம் பத்தடிதான். வாடகை வண்டி பன்ரெண்டடி, ஆனா இதுக்குள்ள வாற ஆக்கள் எல்லாரும் இதுதான் பெரிசு எண்டுதான் சொல்லுவினம். அம்மா ஒரு மூலையில ஸ்டூல் போட்டு இருந்து ரோல்ஸ் சுத்துவா, நானும் தம்பியும் அவவை எழுப்பாமலே அங்கால இஞ்சால போய்வருவம். முழங்கால் நோவுள்ள ஆளுக்கு வேலைக்கிடையில இருக்க இடம் கிடைக்கிறது எவ்வளவு பெரிய விசயமெண்டு வீட்டில வயசான ஆக்கள் இருக்கிறவைக்கு விளங்கும்.

அளக்கிறதில ஒரு விசயம் இருக்கு. பைபர் வண்டி பெட்டி மாதிரி நேர்ச் சுவரா இருக்காது, பக்கம் வளைஞ்சுதான் வரும், அப்பிடி வளைஞ்சாத்தான் மெல்லிய பைபரும் பலமா நிக்கும். அதால நிலத்தில ஒரு அகலம், இடுப்பு உயரத்தில ஒரு அகலம், தோள் உயரத்தில இன்னொண்டு. விக்கிறவை சொல்லுறது எப்பவும் வெளியால ஆகக் கூடின இடத்து அளவு, சிலர் மட்காட்டையும் சேத்துச் சொல்லுவினம். நீங்கள் அளவு ரேப்பைக் கொண்டுபோய் உள்ளுக்க மூண்டு உயரத்திலயும் அளவுங்கோ. இடுப்பளவுதான் மேசை வாற இடம், அதுதான் உங்கட கணக்குக்கு முக்கியம். தோள் உயரத்தில சுவர் உள்ளுக்குச் சரிஞ்சு வந்தா தட்டு அடிக்கிற இடத்தில தலை முட்டும், அடுப்புக்கு மேல ராக்கை பூட்டினா குனியேக்க நெத்தியில படும். அளக்கேக்க மேசை இல்லாத வெறும் வண்டியா இருந்தா சோக்கட்டியால நிலத்தில மேசைக் கோட்டைக் கீறிப்போட்டு ரெண்டு பேர் அதுக்குள்ள நிண்டு கடந்து பாருங்கோ, கையில ஒரு பெரிய தட்டையும் வைச்சுக்கொண்டு.

ரொறன்ரோவில இருக்கிற மாமாவிட்ட பழைய போலர் ரெய்லர் ஒண்டு இருக்கு, குடும்பமாப் போய்த் தங்கிறதுக்கு. வினிபெக்கில 1968இல ரே ஒலெக்கோ எண்டவர் தொடங்கின 13 அடி பைபர் ரெய்லர் அது, அவர் அதுக்கு முதல் பைபரில செப்ரிக் ராங்க் செய்யிற வேலையில இருந்தவராம். மேல் பாதி கீழ் பாதி எண்டு முட்டை மாதிரி ரெண்டு துண்டா அச்சில வாத்து நடுவில பொருத்தினது, மூட்டுக் குறைவு எண்டபடியா தண்ணி ஒழுகிறதும் குறைவு, அரை நூற்றாண்டு கழிச்சும் ஓடுதெண்டா அதாலதான். நாங்கள் செய்விக்கப் போறம் எண்ட உடன மாமா வீடியோ கோலில உள்ளுக்க நடந்து காட்டினவர். அவர் ஆறடி ஆள், பின் படுக்கை குறுக்காலதான் வருது, காலை நீட்டினா சுவர். அவர் சொன்னது எனக்கு நல்லா மனசில நிண்டது: “நீளமான மொடல் எடுத்தா இடம் கூடுமெண்டு நினைக்காத பிள்ளை.” அமெரிக்காவில மினசோட்டாவில செய்யிற ஸ்காம்ப் எண்ட ரெய்லரைப் பாருங்கோ, 13 அடியும் 16 அடியும் ரெண்டுக்கும் வெளி அகலம் ஒரே ஆறடி எட்டு இஞ்சிதான், மூண்டடி கூடக் குடுத்தும் குறுக்கால ஒரு இஞ்சியும் கூடாது. அதே மாதிரி ஒலிவர் எண்டொரு விலை கூடின வண்டி இருக்கு, உள்ளுக்கொரு தோல் வெளியாலொரு தோல் எண்டு ரெட்டைச் சுவர், குளிருக்கு நல்லது, ஆனா பெரிய மொடல் வெளியால ஏழடி எண்டாலும் ரெண்டு தோலுக்கும் இடைவெளி போகத்தான் உள்ளுக்க மிச்சம். படுக்கிறதுக்கு எடுத்தாலும் சமைக்கிறதுக்கு எடுத்தாலும் குறுக்களவுதான் கதை.

ஏன் அகலத்தை மாத்தேலாது எண்டது வேலை நடக்கேக்க பக்கத்தில நிண்டு பாத்தாப் பிறகு வடிவா விளங்கினது. எங்கடதைச் செய்தவர் படகு கட்டிற ஆள். காரைநகரில 1960களின்ர கடைசியில நோர்வேக்காரரின்ர உதவியோட சீநோர் படகுத் தொழிற்சாலை வந்ததில இருந்து எங்கட பக்கத்தில பைபர் வேலை தெரிஞ்ச கைகள் இருக்கு, இதைப் பாவிக்காமல் கொழும்பில இருந்து வண்டி இறக்கத் தேவையில்லை எண்டதுதான் என்ர எண்ணம். வண்டியை வாக்கிற அச்சுக்கு மெழுகு பூசி, முதல் ஜெல்கோட் எண்ட வெளிப்பூச்சை அடிச்சு, அதுக்கு மேல மற் எண்ட பைபர் நார் விரிப்பை விரிச்சு ரெசின் பூசி ரோலரால காத்துக் குமிழை வெளியேத்தி, படை படையா வரும். நீளத்தைக் கூட்டவேணுமெண்டா நடுவில வெட்டி ஒரு துண்டு சேத்து ஒட்டலாம். அகலத்தைக் கூட்டினா முன்பக்க வளைவு, பின்பக்க வளைவு, கூரை எல்லாம் மாறும், புது அச்சே வேணும். அதால அச்சு இருக்கிற ஆளிட்ட போனா முதல் கேள்வி “அண்ணை, உங்கட அச்சு உள்ளுக்க எவ்வளவு அகலம்?” எண்டு இருக்கட்டும். எங்களுக்கு அவர் பலகையால புது அச்சு அடிச்சுத்தான் செய்தவர், செலவு கூடத்தான், தம்பி கொஞ்சம் தயங்கினவன், நான் விடேல்ல.

சில்லு வாற இடமும் அகலத்தைத் தின்னும். சில்லைப் பெட்டிக்கு வெளியால வைச்சா அந்த அளவு றோட்டில சும்மா போகுது, பெட்டி ஒடுங்கும். முழுக்கக் கீழ வைச்சா பெட்டி உயந்திடும், வாங்க வாற சின்னப்பிள்ளையள் அண்ணாந்து பாக்கவேணும். எங்கடதில சில்லு வாற இடத்தில உள்ளுக்க ஒரு மேடு வருது, ஆனா அது ரெண்டு பக்கமும் மேசைக்குக் கீழ மறைஞ்சு போகுது, நடைவழிக்குத் தொந்தரவில்லை. காஸ் சிலிண்டரையும் உள்ளுக்க வைக்கேல்ல, முன்னால இழுக்கிற கம்பிக்கு மேல தனியா ஒரு கூடு. 12.5 கிலோ சிலிண்டர் உள்ளுக்க நிண்டா அகலத்தில ஒரு அடிக்கு மேல போயிடும், அதைவிட ஆபத்து. காஸ் காத்தை விடப் பாரம், கசிஞ்சா கீழதான் தேங்கும், அதால கூட்டுக்கும் வண்டி நிலத்துக்கும் கீழ் மட்டத்தில காத்துப்போற ஓட்டை கட்டாயம் வைக்கோணும். 2021 கடைசியில நாடு முழுக்க காஸ் அடுப்பு வெடிச்ச செய்தியள் வந்துகொண்டிருந்த நேரம், அம்மா வண்டிக்குள்ள சிலிண்டர் எண்ட கதையே எடுக்க விடேல்ல, அவ சொன்னது சரி.

அடுப்புப் பக்கம் 24 இஞ்சி எடுத்ததுக்கும் காரணம் இருக்கு. பைபர் எரியக்கூடிய சாமான், சூடு கூடினா ரெசின் இளகும், கறுக்கும். சுவரில இருந்து ரெண்டு இஞ்சி தள்ளி ஸ்ரெயின்லெஸ் தகடு அடிச்சு இடையில காத்துப் போக விட்டிருக்கிறம். கொத்துரொட்டி போடுற தட்டு மணிக்கணக்கா எரிஞ்சாலும் பின்சுவரைத் தொட்டுப் பாத்தா கை வைக்கக்கூடிய சூடுதான். ஒடுங்கின வண்டியில முதல் வெட்டுப்படுறது இந்த ரெண்டு இஞ்சிதான், தகட்டைச் சுவரோடயே ஒட்டி அடிச்சுவிடுவினம். தயவுசெய்து அப்பிடி அடிக்க விடாதேங்கோ.

அகலம் கூடினா வாற பிரச்சினையளையும் சொல்லத்தான் வேணும். கூரை அகலமெண்டா நடுவில தொய்யும், கார்த்திகை மார்கழி மழைக்குத் தண்ணி குளம் கட்டும். அதுக்கு நடு உயந்த மாதிரி வாத்து, உள்ளுக்கால குறுக்குச் சட்டம் பைபராலயே போடவேணும். வெயிலுக்குக் கூரைக்குள்ள ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப் பலகை) வைப்பம் எண்டு தம்பி சொன்னவன், படகுக்காரர் உடன மறிச்சவர், ஏனெண்டா பொலியெஸ்ரர் ரெசின் பட்டா ரெஜிபோம் கரைஞ்சு போகும். பைபர் நல்லா இறுகினாப் பிறகு வேற பசையால ஒட்டி மேல ஒட்டுப்பலகை அடிச்சுத் தந்தவர். சித்திரை வெயிலுக்கு இப்பவும் உள்ளுக்க வேகும்தான், ஆனா வாடகை வண்டியோட பாக்கேக்க எவ்வளவோ மேல். நடைவழி அகலமா இருக்கிறதால குடுக்கிற யன்னலால வாற காத்து பின்கதவால வெளிய போகுது, ஒடுங்கின வண்டியில எங்கட முதுகே காத்தை மறிச்சிடும்.

இழுக்கிறது பட்டா எண்ட சின்ன லொறியாலதான். பெரிய றோட்டில கஷ்டமில்லை, எங்கட ஆனைக்கோட்டை ஒழுங்கையில முடக்கு வாற இடத்தில ரெண்டு பக்கமும் மதில், ஒராள் இறங்கி நிண்டு சொல்லவேணும். வீட்டு கேற்றையும் வாற வழியில ஆக ஒடுங்கின ஒழுங்கையையும் முதல் அளந்துபோட்டுத்தான் ஆறரை அடி எண்டு முடிவெடுத்தனாங்கள், ஏழடி எண்டா கேற்றுக்குள்ளால வராது. நீங்களும் உள்ளுக்கு எவ்வளவு வேணுமெண்டு பாத்துப்போட்டு, பேந்து வெளியால எவ்வளவு விடும் எண்டு பாத்து, ரெண்டுக்கும் இடையில நில்லுங்கோ. பாரத்தில பத்தில ஒரு பங்குக்குக் குறையாமல் இழுக்கிற கொளுவியில இருக்கிற மாதிரி சாமானை அடுக்கினா வண்டி பின்னால ஆடாது. தண்ணி ராங்க் குடுக்கிற பக்கம், அடுப்பும் தகடும் மற்றப் பக்கம் எண்டு இடவலப் பாரத்தையும் பாக்கோணும், அகல வண்டியில ஒரு பக்கம் சரிஞ்சா உடன தெரியும்.

சோளகக் காத்துக் காலத்தில பண்ணையில யன்னல் மூடியைத் திறந்து வைச்சா காத்து அதைப் பிடிச்சுத் தூக்கப் பாக்கும், நாலு மூலைக்கும் ஜாக் போட்டுத்தான் நிப்பாட்டிறம். உப்புக் காத்து பைபரை ஒண்டும் செய்யேல்ல, இரும்புச் சேசியைத்தான் தின்னுது. நாகம் பூசின இரும்பு போட்டிருந்தும் வெல்டிங் பிடிச்ச இடங்களில கறள் பிடிச்சது, சுரண்டிப் பெயின்ற் அடிச்சனாங்கள், இனி ஒவ்வொரு மாரிக்கு முதலும் அதைச் செய்யோணும். ஜெல்கோட் வெள்ளை நிறம், மேல் பக்கம் வெயிலுக்கு மங்கிச் சோக்குத்தூள் மாதிரி கையில ஒட்டத் தொடங்கீட்டுது, பொலிஷ் போட்டா கொஞ்சக் காலம் நிக்குது. ஒருக்கா பின்மூலை மதிலில உரசி வெடிச்சது, குருநகரில படகு ஒட்டிற தம்பி ஒருத்தர் ஒரு பின்னேரத்துக்குள்ள மற் வைச்சு ஒட்டித் தந்திட்டார், தகர வண்டி எண்டா இவ்வளவு லேசில்லை. வல்லிபுரக் கோயில் பக்கம் மணலில மட்டும் கவனம், பாரமான பக்கச் சில்லு புதையும், பலகை கொண்டுபோங்கோ.

அனுமதி விசயம், நிக்கிற இடத்தைப் பொறுத்து மாநகரசபை இல்லாட்டிப் பிரதேச சபை. பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாக்கேக்க நிலம், மூலை முடுக்கு, கழுவிற இடம் எல்லாம் பாப்பினம். எங்கட வண்டியில மேசைக்குக் கீழ நிலத்தையும் சுவரையும் வளைவா ஒண்டாவே வாத்தபடியா அழுக்குத் தங்கிற மூலை இல்லை, ஹோஸ் பிடிச்சுக் கழுவலாம். குனிஞ்சு தேய்க்கிறதுக்கும் அந்த 35 இஞ்சி இடம் வேணும், இரவு கடை பூட்டினாப் பிறகு அரை மணித்தியாலத்தில கழுவி முடிக்கிறம்.

விலை கேக்கிறவைக்கு, நான் குடுத்த காசு இப்ப உங்களுக்கு உதவாது, 2022இல டொலர் ஏறினதோட ரெசின், மற், தகடு எல்லாம் வேற விலைக்குப் போட்டுது. இண்டைய விலையை ரெண்டு மூண்டு இடத்தில கேளுங்கோ, கேக்கேக்க ஒரே உள் அகலத்தைச் சொல்லிக் கேளுங்கோ, இல்லாட்டி ஒராள் அஞ்சடிக்கும் மற்றவர் ஆறரை அடிக்கும் விலை சொல்ல நீங்கள் மலிவானதை எடுத்துப்போடுவியள். பழைய வண்டி வேண்டுறதெண்டாலும் பரவாயில்லை, சேசியையும் சில்லையும் மாத்தலாம், வெடிப்பை ஒட்டலாம். உள்ளுக்க இடுப்பு உயரத்தில 70 இஞ்சிக்குக் குறைஞ்சா ரெண்டு பேர் சேந்து சமைக்கிற கடைக்கு அதை எடுக்காதேங்கோ, தனி ஆள் ரீ, சோடா, ஐஸ்கிரீம் விக்கிறதுக்கு எண்டா அஞ்சடி வண்டியே காணும், இழுக்கவும் லேசு.

கண்டுபோட்டு உள்ளுக்க வந்து அளக்க ஆசையெண்டா பின்னேரம் நாலு மணிக்கு முதல் பண்ணைக்கு வாங்கோ, அடுப்பு பத்தவைக்க முதல் ஆறுதலா நிண்டு காட்டுவன், ரேப்பும் என்னட்ட இருக்கு.