மேமோகிராமா, ஸ்கேனா?

மார்பில் கட்டி, புற்றுநோயோ என்று பயம் வந்ததும் நம்ம குமரி மாவட்டத்தில் தக்கலை, குளச்சல் பக்கம் பலர் முதலில் கேட்பது "ஸ்கேன் போதாதா?" என்றுதான். ஸ்கேன் என்று இங்கே சொல்வது ஒலி அலையால் படம் எடுக்கும் அல்ட்ராசவுண்டை. சில நேரம் போதும், பல நேரம் போதாது.

மேமோகிராம் என்பது எக்ஸ்ரே. இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பைச் சில நொடி அழுத்தி வைப்பார்கள், கொஞ்சம் வலிக்கும், உடனே விட்டுவிடுவார்கள். கையில் தட்டுப்படாத கட்டியையும், உப்புத்தூள் மாதிரி வெள்ளையாகத் தெரியும் சுண்ணாம்புப் படிவுகளையும் இது காட்டும்; அந்தப் படிவுகளை ஸ்கேன் பெரும்பாலும் தவறவிடும் என்பதால்தான் 40 தாண்டியவர்களுக்கு நான் மேமோகிராம் பக்கம் நிற்கிறேன். இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள மணவாளக்குறிச்சி கடற்கரை மணலைப் பற்றிக் கேட்டே வளர்ந்த நமக்குக் கதிர்வீச்சு என்றால் பயம், சரி, ஆனால் இதில் வருவது சுமார் 0.4 மில்லிசீவர்ட்தான், சராசரியாக 7 வாரத்தில் இயற்கையிலிருந்தே உடம்பில் படுகிற அளவு.

ஸ்கேனில் கதிர்வீச்சே இல்லை. இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் எல்லாமே வெள்ளையாகத் தெரியும், அங்கே ஸ்கேன்தான் கை கொடுக்கும். நீர்க்கட்டியா கெட்டிக்கட்டியா என்பதையும் அதுவே சொல்லும். கர்ப்பிணிகளுக்கும் முதலில் இதுதான்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே மைனி" என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் பெரும்பாலோரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் 40 வரை காத்திருக்காமல் டாக்டரிடம் பேசுங்கள். கட்டி தட்டுப்பட்டால், எதை எடுப்பது என்று யோசித்தே நாளைக் கடத்தாமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். மேமோகிராம் என்றால் மாதவிலக்கு முடிந்த வாரம் நல்லது, வலி குறையும். அன்று பவுடர் வேண்டாம், அதுவும் படத்தில் புள்ளியாக விழும்.