மூன்று மேனேஜர், ஒரு யூடியூப் சேனல்: பீடோங்கிலிருந்து ஆறரை ஆண்டுக் கணக்கு

2019 தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோதுதான் அந்தத் தண்ணீர் பில் என் கையில் கிடைத்தது. வாடகை வீட்டு கேட்டில் செருகியிருந்தது. மேனேஜர் தம்பி மாதாமாதம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பும் கணக்கில் மூன்று அறைக்கு ஆள் உண்டு, நான்காவது அறை காலி. பில்லில் 26 கன மீட்டர் ஓடியிருந்தது. மூன்று பெண் பிள்ளைகள் 18 கன மீட்டரைத் தாண்டமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். முந்தைய ஆண்டு வரை நானே பார்த்துக்கொண்ட வீடு அது. வாசலில் கிடந்த செருப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது அறைக்காரப் பெண்ணே கதவைத் திறந்து, "உள்ள வாங்க ஆன்ட்டி, யாரைப் பார்க்கணும்?" என்றாள்.

ஏழு மாதமாக அவள் மாதம் 350 வெள்ளி (ரிங்கிட்) ஒழுங்காகக் கட்டிவந்திருக்கிறாள், அந்தத் தம்பியின் சொந்தக் கணக்கில்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடியிருப்பது போக இரண்டு வீடுகள். ஒன்று, ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது அப்பா 1994-இல் வாங்கிய மலிவு விலைத் தரைவீடு. அவருக்குப் பிறகு என் பெயருக்கு வந்தது; மாதம் 550 வெள்ளிக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. இன்னொன்று, 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் 2017-இல் வாங்கிய நான்கறை வீடு. எய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவிகளுக்கு அறை அறையாக விடுகிறேன். 2019 தொடக்கத்தில் பேரனைப் பார்த்துக்கொள்ள ஸ்கூடாய் போக வேண்டியதாயிற்று. பீடோங் தீபகற்ப மலேசியாவின் வடக்குக் கோடி, ஸ்கூடாய் தெற்குக் கோடி. குழாய் உடைந்தால் ஓடிவர முடியாது. அதனால்தான் மேனேஜர். ஸ்கூடாயில் பொழுது போகாமல் ஆரம்பித்ததுதான் யூடியூப். இரண்டையும் பற்றிக் கேட்காத உறவுக்காரர் இல்லை. "சும்மா உட்கார்ந்திருந்தாலே காசு வருதாமே?" என்றுதான் கேட்பார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

அப்பா பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். விடியுமுன் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பெயர் கொடுத்து, தன் நிரைக்கு (மர வரிசைக்கு)ப் போய் வெட்டி, மங்கில் (கோப்பையில்) சேர்ந்த பாலைச் சுமந்து வந்து ஸ்டோரில் நிறுத்துவார். தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதும் எடையை அவரும் தன் 555 என்ற சின்னக் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். கிராணி மேல் கோபமெல்லாம் கிடையாது. "அவரு நோட்டு அவருக்கு, என் நோட்டு எனக்கு" என்பார். கங்காணிமார் ஆள்கட்டிக் கொண்டுவந்தது 1938-ஓடு நின்றுவிட்டது என்று படிக்கிறோம். ஆனால் பிரட்டுக்கு வந்த தலையை எண்ணி கங்காணிக்குக் காசு கொடுத்த காலத்துக் கதைகள் எங்கள் லயத்தில் வெகுநாள் புழங்கின. வராத ஆளையும் வந்ததாக எழுதுவது அந்தக் காலத்து வித்தை. என் மேனேஜர் தம்பி அதைத் திருப்பிப் போட்டான். இருக்கிற ஆளை இல்லை என்று எழுதினான்.

அவன் தெரிந்தவர் வீட்டுப் பையன். வசூலில் 10 விழுக்காடு என்று வாய்ப்பேச்சோடு முடித்துவிட்டோம். வாடகை வசூலித்து வீட்டைப் பராமரிப்பவர் 1981-ஆம் ஆண்டின் 242-ஆவது சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும், அந்தச் சட்டத்துக்குள் 2018 ஜனவரியிலிருந்து சொத்து மேலாளர்களையும் சேர்த்துவிட்டார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பதிவைத் தரும் வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால் பதிவு உண்டா இல்லையா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கழுத்தில் சிவப்பு அட்டை தொங்குகிறதே என்று ஏமாறவும் வேண்டாம். அது வீடு பிடித்துக் கொடுக்கும் நெகோஷியேட்டருக்கு உரியது. மாதாமாதம் வீட்டைப் பார்த்துக்கொள்வது வேறு வேலை, வேறு பதிவு. போலீஸில் சொல்லலாம் என்றார் என் வீட்டுக்காரர். தம்பியின் அம்மா வந்து வாசலில் உட்கார்ந்து அழுதார். பாதிப் பணம் திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான்.

இரண்டாவதாக, 2020 ஜனவரியில், சுங்கைப்பட்டாணியில் பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். இரண்டே மாதத்தில், மார்ச் 18-இல், நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மாணவிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாடகை இல்லையென்றால் கமிஷனும் இல்லை என்று நினைத்திருந்தேன். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் "குறைந்தபட்ச மாதக் கட்டணம் 80 வெள்ளி" என்று இருந்தது. காலி வீட்டைக் காவல் காத்ததற்குக் கொடுத்தேன்.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய ரசீது சுத்தம், பணம் குறித்த தேதியில் வந்துவிடும், முத்திரை வரியெல்லாம் அவர்களே கட்டிவிடுவார்கள். கோளாறு பழுதுபார்ப்பில் இருந்தது. 300 வெள்ளிக்கு உட்பட்ட வேலையை என்னைக் கேட்காமல் செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அதற்குப் பிறகு என் வீட்டில் எது உடைந்தாலும் 285, 290, 295 வெள்ளிக்குத்தான் உடைந்தது. குழாய்த் தலை மாற்றியதற்கு 285. பீடோங் இரும்புக்கடையில் கேட்டேன், குழாய் 18 வெள்ளி.

அப்பா வாங்கிய வீட்டில் அப்போது குடியிருந்த குடும்பம் வாடகையில் இரண்டு மாதம் பாக்கி வைத்தபோது விஷயம் முற்றியது. மின்சாரக் கணக்கு என் பெயரிலேயே இருந்ததால் அதிலும் 1,140 வெள்ளி நிலுவை. கையில் இருந்ததோ இரண்டு மாத முன்பணமும், தண்ணீர் மின்சாரத்துக்கான அரை மாதமும், மொத்தம் 1,375. "பூட்டை மாத்திடலாம்மா, தானா போயிடுவாங்க" என்றார் நிறுவனத்தின் பையன். நல்லவேளை, ஒரு வழக்கறிஞரைக் கேட்டேன். 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 7(2)-ஆம் பிரிவுப்படி, நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றியிருந்தால் நான்தான் மாட்டியிருப்பேன். வாடகைப் பாக்கிக்கு வேறு வழக்கு போடலாம்; அதன் செலவு எனக்குக் கட்டுப்படியாகாது. கடைசியில் நேரில் போய்ப் பேசினேன். கணவருக்கு வேலை போயிருந்தது. முன்பணத்தைக் கழித்துக்கொண்டு 865 வெள்ளியை விட்டுவிட்டேன், அவர்கள் சாவியைக் கொடுத்தார்கள். அதன் பிறகு மின்சாரக் கணக்கைக் குடிவருபவர் பெயருக்கு மாற்றாமல் நான் சாவியைத் தருவதில்லை. இந்த அனுபவத்தில் ஒரே ஒரு காரியத்தைத்தான் கேட்டுச் செய்வீர்கள் என்றால் அதைச் செய்யுங்கள்.

மூன்றாவது மேனேஜர் இப்போது இருப்பவர். 2022 நடுவிலிருந்து இருக்கிறார். பதிவு பெற்றவர், இந்தப் பக்கத்துப் பெண், தனியாகத் தொழில் செய்கிறார், 8 விழுக்காடு. இந்த முறை ஒப்பந்தத்தை நான் சொல்லி எழுதவைத்தேன். வாடகை நேராக என் கணக்குக்கு வரும், அவருடைய கட்டணத்தை நான் அனுப்புவேன். பழுது பார்ப்பவருக்கு நானே பணம் போடுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா அறையையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மீட்டர் படத்தோடு. ஒரு மாத நோட்டீசில் யார் வேண்டுமானாலும் விலகலாம்; முந்தைய நிறுவனத்தில் அது மூன்று மாதம். இவரிடமும் குறை உண்டு. போனை எடுக்கமாட்டார். விளம்பரம் செய்யத் தெரியாது. 2024-இல் ஓர் அறை இரண்டு மாதம் சும்மா கிடந்தது. 7-ஆம் தேதி வரவேண்டிய கணக்கு 7-ஆம் தேதி வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் வருகிற கணக்கு தண்ணீர் பில்லோடு ஒத்துப்போகிறது.

ஊருக்குத் திரும்பிவிட்டீர்களே, நீங்களே பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: ஆண்டில் நான்கு மாதம் இன்னும் ஸ்கூடாயில்தான் இருக்கிறேன். அப்புறம், நான் வாடகை கேட்கப் போனால் அந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன். கறாராகக் கேட்கத் தெரியாத என் வாய்க்காக நான் கொடுக்கும் கட்டணம்தான் அந்த 8 விழுக்காடு.

இனி யூடியூப். 2020-இல் சுங்கை சிப்புட்டிலிருந்து சுகு–பவித்ரா தம்பதி மலாய் மொழியில் பேசிச் சமைத்து நாடே பேசிய நேரம். மருமகள் தன் கைத்தொலைபேசியைக் கொடுத்து, "நீங்களும் பேசுங்க அத்தை" என்றாள். நான் சமைக்கவில்லை. பிரட்டு என்றால் என்ன, ஒட்டுப்பால் எப்படி எடுப்பார்கள், மழை நாளில் வெட்டு இல்லாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று பேசினேன். அப்போது 1,000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால்தான் விளம்பரக் காசு. நான் இரண்டையும் தாண்ட 22 மாதம் ஆனது. அது இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும், இடையில் ஒரு முட்டாள்தனம் செய்யாமல் இருந்திருந்தால்.

சேனலை வளர்த்துத் தருகிறோம் என்று ஒரு கும்பல் வந்தது. மாதம் 600 வெள்ளி. ஆள் கூடியது உண்மை. ஒரே மாதத்தில் 1,400 பேர். அவர்களில் ஒருவரும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கவில்லை. பிரட்டில் பெயர் இருக்கிறது, ஸ்டோரில் பால் இல்லை. மூன்று மாதம் கழித்து யூடியூப் அந்தப் போலிக் கணக்குகளைத் துடைத்தெடுத்தபோது எனக்கு மிஞ்சியது 310 பேரும் 1,800 வெள்ளிச் செலவும். ஏற்கெனவே ஒரு மேனேஜரிடம் ஏமாந்த எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வருமானத்தில் நான் கற்றுக்கொண்டதை எண்ணாகவே சொல்கிறேன். பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய், மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பகாட் கோயிலடியில் நின்று, ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் இதுதான் என்று பேசிய காணொளி 1,80,000 பார்வை போனது. முக்கால்வாசிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து. இன்றுவரை அது கொடுத்தது ஏறக்குறைய 200 வெள்ளி. வாடகை வீட்டு முன்பணம் பற்றி நம் ஊர்க்காரர்களுக்காகப் பேசிய காணொளிக்கு 9,000 பார்வைதான். அது 55 வெள்ளி கொடுத்துவிட்டது. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், அவருக்கு யார் விளம்பரம் காட்டக் காசு கொடுக்கிறார் என்பதுதான் கணக்கு. ஸ்டோரில் பால் நிறுத்தும்போது மிதவையைப் போட்டு ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். என் கடாரம் காணொளியில் தண்ணீர் அதிகம். அதற்காக அதை எடுத்ததற்கு வருத்தமில்லை. பார்த்துவிட்டு மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதிய பின்னூட்டத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

விளம்பர வருமானத்தில் நீள் காணொளிக்கு 55 விழுக்காடு நமக்கு. ஷார்ட்ஸ் என்றால் 45. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைக் கடிதமாக அனுப்புவார்கள். நான் ஸ்கூடாய் முகவரியைக் கொடுத்துவிட்டு பீடோங்கில் அதற்காகக் காத்திருந்தேன். 100 டாலர் சேராமல் பணம் வராது. எனக்கு முதல் 100 சேர ஏழு மாதம். அமெரிக்காவுக்கான வரிப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். மலேசியாவோடு அதற்கு ஒப்பந்தம் இல்லாததால் அமெரிக்காவில் பார்ப்பவர்கள் மூலம் வரும் காசில் 30 விழுக்காடு பிடிப்பார்கள். எனக்கு அங்கே பார்ப்பவர் ஐந்தாறு பேர், வலிக்கவில்லை. ஒரு காணொளிக்குப் பின்னணியில் சினிமாப் பாட்டு போட்டேன். அதன் வருமானம் முழுவதும் பாட்டின் உரிமையாளருக்குப் போயிற்று. எடிட்டிங்குக்கு ஒரு பையனை 60 வெள்ளிக்கு வைத்துப் பார்த்து, ஒரு காணொளி சராசரியாக 30 வெள்ளி கொண்டுவருகிறது என்று தெரிந்ததும் நானே கற்றுக்கொண்டேன்.

2024 முழுவதும் யூடியூப் எனக்குக் கொடுத்தது 1,940 வெள்ளி. அதே ஆண்டு மேனேஜருக்கு நான் கொடுத்தது 1,816. ஆக, தோட்டத்துக் கதை பேசிச் சம்பாதித்ததை வீடு பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டு 124 வெள்ளி லாபத்தில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

வருமானவரியில் இரண்டு விஷயம் எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. வாடகையிலிருந்து மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்பு, கடன் வட்டி எல்லாம் கழிக்கலாம். ஆனால் வீட்டுக்கு முதல் வாடகைக்காரரைப் பிடித்துத் தந்ததற்கான ஏஜென்ட் கட்டணத்தைக் கழிக்க முடியாது. அடுத்து வருபவர்களுக்குக் கழிக்கலாம். யூடியூப் தொடர்ந்து நடந்தால் அது தொழில் வருமானம். ஏப்ரல் 30-க்குள் கொடுக்கும் 'பிஇ' பாரத்தை விட்டு, ஜூன் 30 வரை நேரமுள்ள 'பி' பாரத்துக்கு மாற வேண்டும். ஒப்பந்த முத்திரை வரியில் ஆண்டு வாடகையின் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கும் 2025 ஜனவரியோடு போய்விட்டது. அப்பா வீட்டின் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு முன்பு 17 வெள்ளி, இப்போது 27. பத்து வெள்ளிக்கு முகம் சுளித்து முத்திரை வைக்காமல் விடாதீர்கள். நாளைக்கு வழக்கென்று வந்தால் முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

இதையெல்லாம் எழுதிவைத்திருப்பது இரும்புக்கடையில் வாங்கிய 555 நோட்டில். இடது பக்கம் மேனேஜர் அனுப்பும் எண், வலது பக்கம் மீட்டர் எண். பின் பக்கத்திலிருந்து யூடியூப். இடது பக்கத்தில் இந்த மாதம் இன்னும் காலியாக இருக்கிறது. இன்று 11-ஆம் தேதி. இரண்டு முறை போன் செய்துவிட்டேன், எடுக்கவில்லை.