செட்டிநாட்டு வீட்டை விற்கும் முன்: இருந்தபடியா, கூரை மட்டுமா, முழுசாகவா, பிரித்தா?

பங்காளிகள் கூடி "வீட்டைக் கொடுத்துவிடலாம்" என்று முடிவெடுத்ததுமே நாலு யோசனை வரும். இருந்தபடியே கொடுப்பது. மழை உள்ளே வராத அளவுக்குப் பழுது பார்த்துக் கொடுப்பது. குளியலறை, சமையலறை, தரை, பெயிண்ட் என்று முழுசாகப் புதுப்பித்துக் கொடுப்பது. நிலை, கதவு, தூண் எல்லாவற்றையும் பிரித்து விற்றுவிட்டு மனையைத் தனியாகக் கொடுப்பது.

பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவதுதான் சரி என்பது எங்கள் கருத்து. இந்த ஊர் வீடுகளில் தண்ணீரை நிறுத்தப் போடும் பணம் விலையில் திரும்பி வரும். தோற்றத்தை மாற்றப் போடும் பணம் திரும்புவது அரிது. பல இடங்களில் விலையையே இறக்கிவிடும்.

எந்த வழியாக இருந்தாலும் கொத்தனாரைக் கூப்பிடும் முன் பத்திரத்தை எடுங்கள். மூன்று தலைமுறைப் பங்கு ஒரே வளவுக்குள் (நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) இருக்கும். ஒரு புள்ளி (பங்குள்ள குடும்பம்) சிங்கப்பூரில், ஒரு புள்ளி கோயம்புத்தூரில். ஒரு கையெழுத்து குறைந்தாலும் வாங்குகிறவர் பின்வாங்கிவிடுவார். வாரிசுச் சான்று, விடுதலைப் பத்திரமோ பவர் பத்திரமோ, வில்லங்கச் சான்று, பட்டா இவை கைக்கு வந்த பிறகு கூரையில் ஏறுங்கள். கிராமத்து மனை பல நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) இருப்பதால் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கக்கூடும். செலவு செய்து முடித்த பிறகு பங்கு தகராறு கிளம்பினால், போட்ட பணம் அப்படியே முடங்கிப்போகும்.

பிரித்து விற்பதும் இருந்தபடியே விற்பதும்

பிரித்து விற்றால் பணம் சீக்கிரம் வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகள் இருக்கின்றன, இடிப்பு வியாபாரிகளும் தேடி வருவார்கள். ஆனால் அவர் சொல்லும் தொகையில் பிரிக்கும் கூலி, லாரி, உடைசல், அவருடைய லாபம் எல்லாம் கழிந்துதான் உங்களுக்கு வருகிறது. மிஞ்சும் மனை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீள மனை. அதைக் கூறுபோட்டு விற்பது சுலபமல்ல. காரை இடிபாட்டை அள்ளும் செலவும் உங்கள் தலையில்தான்.

இதைவிட மோசம் பாதி பிரிப்பது. தலைவாசல் நிலையையும் நாலு தூணையும் கொடுத்துவிட்டு மிச்ச வீட்டை விற்கலாம் என்று நினைப்பவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டை வாங்குகிறவர் பர்மா தேக்கு நிலைக்கும் வளவுக்கும்தான் விலை கொடுக்கிறார். கூரை ஏற்கெனவே உள்ளே விழுந்து, சுவர் வாய் பிளந்து நிற்கும் வீட்டுக்கு மட்டுமே பிரிப்பது பொருந்தும்.

இருந்தபடியே கொடுப்பதில் அலைச்சல் இல்லை. ஆனால் ஒழுகும் வீட்டைப் பார்க்க வருகிறவர், கூரைச் செலவு தெரியாததால் அதை உள்ளதைவிடப் பெரிதாகவே கணக்குப் போட்டுக் கேட்பார். பங்காளிகளுக்குள் செலவைப் பகிர ஒப்புதல் இல்லாவிட்டால் இந்த வழியே நல்லது. அப்போதும் ஒரு காரியத்தை விடாதீர்கள்: கதவு, நிலை, தூண், கண்ணாடி, விளக்கு என்று அறைவாரியாகப் படம் எடுத்துப் பட்டியல் போடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் பொருள் காணாமல் போவது இங்கே புதிதல்ல.

கூரை

நண்பகலில் விளக்கில்லாமல் மாடியேறி ஓட்டுக் கூரையை அண்ணாந்து பாருங்கள். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஓடு நகர்ந்த இடம். அடுத்து கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) சுவரில் உட்காரும் முனையை ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். வைரம் பாய்ந்த தேக்கில் முனை இறங்காது. அரை அங்குலம் சுகமாக இறங்கினால் அந்த முனை ஈரத்தில் மக்கியிருக்கிறது அல்லது கரையான் உள்ளே இருக்கிறது. கைமரம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. மக்கிய முனையை அறுத்துவிட்டுப் பழைய தேக்கையே ஒட்டு வைத்து போல்ட் போடத் தெரிந்த ஆசாரி கிடைப்பார்.

அதிகம் கெட்டுப்போவது வளவின் நாலு மூலைக் கூடுவாய். இரண்டு சரிவின் தண்ணீரும் அங்கேதான் சேர்ந்து இறங்குகிறது. பழைய தகடு துருப்பிடித்து ஓட்டையானால், நேர் கீழே சுவரில் பழுப்புக் கறை நீளமாக இறங்கியிருக்கும். பலர் அந்த இடத்தில் சிமெண்ட் பூசுகிறார்கள். மரம் மழையில் விரிந்து வெயிலில் சுருங்கும்போது சிமெண்ட் கீறிவிடும். அடுத்த ஐப்பசியில் அதே இடம் ஒழுகும். துத்தநாகம் பூசிய தகடோ அலுமினியத் தகடோ புதிதாக வையுங்கள். இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் 6 அங்குலமாவது ஏறி நிற்க வேண்டும். துண்டும் துண்டும் சேருமிடத்தில் மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் 6 அங்குலம் படிய வேண்டும். வளவுத் தரையின் நீர்ப்போக்கியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் அடிச்சுவர் ஈரத்தை உறிஞ்சுவதற்குக் காரணம் கூரையல்ல, அந்த அடைப்புதான்.

ஓட்டில் மூன்று தேர்வு. நாட்டு ஓட்டைப் பிரித்து மேய்ந்தால் வீடு குளிர்ச்சியாகவும் பழைய முகத்தோடும் இருக்கும். ஆனால் மேயத் தெரிந்த ஆள் வேண்டும், மாற்று ஓடும் வேண்டும். மங்களூர் ஓடு 100 சதுர அடிக்குச் சுமார் 145 போதும், வேலையும் வேகம். ஆனால் அதற்கு ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) இடைவெளி ஏறக்குறைய 12½ அங்குலம். நாட்டு ஓட்டுக்கு அடித்த நெருக்கமான ரீப்பரைக் கழற்றி மறுபடி அடிக்காமல் மேலேயே அடுக்கினால் கொக்கி பிடிக்காமல் ஓடு சரியும். மூன்றாவது தகரம். சூட்டையும் மழைச் சத்தத்தையும்கூட விட்டுவிடுங்கள். முகப்பில் தகரத்தைப் பார்த்த நிமிடமே வாங்குகிறவர் மனதில் இது பாரம்பரிய வீடு என்ற எண்ணம் போய்விடும். நாட்டு ஓடு பற்றாவிட்டால் ஒரு வழி உண்டு: மூன்றாங்கட்டு (வீட்டின் பின்பகுதி) ஓட்டைப் பிரித்து நல்லதைப் பொறுக்கி முன்கட்டுக்குக் கொண்டுபோங்கள், பின்கட்டுக்கு மங்களூர் ஓடு போடுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மட்டக் கூரை) பகுதி ஒழுகினால் மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டு அடைக்கச் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள்: 100 சதுர அடிக்கு இரண்டு அங்குலக் கான்கிரீட் ஒரு டன்னுக்கு மேல் பாரம். நூறு வருஷ உத்திரத்தின் முனை ஏற்கெனவே ஈரத்தில் நனைந்திருக்கும்போது இதை ஏற்றுவது ஆபத்து. மேலே உள்ள தட்டோட்டையும் கெட்டுப்போன சுண்ணாம்புக் கலவையையும் எடுத்துவிட்டு, அதே சுண்ணாம்பில் வாட்டம் பார்த்து மறுபடி போடுவதுதான் முறை.

வேலையைத் தையில் தொடங்கி ஆடிக்குள் முடியுங்கள். கோடையிலும் திடீர் இடிமழை வரும். அதனால் ஒரு நாளில் மூட முடிகிற பத்தியை மட்டும் பிரியுங்கள், தார்ப்பாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சுவர்: சுண்ணாம்பா, சிமெண்டா

சிமெண்ட் மலிவு, சீக்கிரம் முடியும், எந்தக் கொத்தனாருக்கும் கைவரும். ஆனாலும் சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுவருக்கு அது பொருந்தாது. சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலேறி, உப்பு பூத்து, ஒன்றிரண்டு வருஷத்தில் பூச்சு பொரிந்து விழும். விழும்போது செங்கல் முகத்தையும் உரித்துக்கொண்டு வரும். அந்தப் பொரிவைப் பார்த்தே விஷயம் தெரிந்தவர்கள் விலையைக் குறைப்பார்கள்.

சரியான வேலை மெதுவானது. ஈரம் ஏறிய உயரத்துக்கு மேல் ஓர் அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை வாரக்கணக்கில் உலர விடுங்கள். நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது 15 நாள் ஊற வேண்டும். சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரில் குழையுங்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வெடிக்கும்.

வழவழப்பான பழைய பூச்சு இருக்கும் தூணில் கை வைக்கும் முன் ஒரு சோதனை. மென்மையான துணியைக் கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கை அகலத்துக்குத் துடையுங்கள். கரும்புகை அழுக்கு போய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு பளிங்குபோல் மின்னும். அதன்மேல் எமல்ஷன் அடிப்பதுபோல் ஒரு நஷ்டம் வேறில்லை. புது வெள்ளை அடித்த சுவரை எந்த ஊரிலும் காட்டலாம், இந்த மினுக்கத்தைக் காட்ட முடியாது.

தரை

பூக்கல் (பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல்) உடைந்திருந்தால் உடைந்ததை மட்டும் மாற்றுங்கள். மேலே விட்ரிஃபைட் டைல் ஒட்டாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல, கண்ணாடிமேல் வார்த்துத் தண்ணீரில் பதப்படுத்துவது. ஆகவே ஆசிட் பட்டால் நிறம் அரித்துவிடும். 8 அங்குலக் கல் 100 சதுர அடிக்கு 225, 10 அங்குலம் 144. சேதாரத்துக்கு நூற்றுக்கு ஏழெட்டு கூட்டி, ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த வார்ப்பில் நிறம் கொஞ்சமாவது மாறும்.

முழுப் புதுப்பிப்பு யாருக்கு?

காரைக்குடி, தேவகோட்டை போன்ற டவுனில் குடியிருக்க வாங்கும் குடும்பத்துக்கு இரண்டு நல்ல குளியலறையும் ஒரு சமையலறையும் உதவும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் பக்கம் தங்கும் விடுதிக்காக வாங்குகிறவர் உங்கள் குளியலறையை எப்படியும் இடித்துத் தன் கணக்குப்படி கட்டுவார். அங்கே அந்தச் செலவு வீண்.

கட்டுவதானால் வளவை ஒட்டிய அறைகளுக்குள் வேண்டாம், இரண்டாங்கட்டுக்குப் பின்னால் கட்டுங்கள். கழிவுக் குழாய் 4 அங்குலம், 40 அடிக்கு 1 அடி வாட்டம். வீட்டுத் தரைமட்டம் உயரம் என்பதால் இது கிடைக்கும். சாமி வீட்டுச் சுவரை ஒட்டிக் குழாய் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காரணத்துக்காகவே கைநழுவிப் போகும் விற்பனை உண்டு. ஒயரிங்குக்காகப் பூச்சைக் கீறாதீர்கள். உத்திரத்தின் ஓரமாக வெளிக்குழாயில் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டால் போதும்.

வரி

கூரை, சுவர் வேலைக்கான பில்லும் வங்கி வழிப் பணமும் இருந்தால் மேம்பாட்டுச் செலவாக லாபத்திலிருந்து கழிக்கலாம். வெறும் வெள்ளையடிப்பைக் காட்டுவது கடினம். 1-4-2001-க்கு முந்தைய சொத்துக்கு அன்றைய சந்தை மதிப்பையே அடக்கவிலையாக வைக்கலாம். 23-7-2024 முதல் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்கு முன் வந்த வீட்டுக்கு, இங்கே வசிக்கும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதத்தையும் ஒப்பிட்டு, வரி குறைவாக வருவதை எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் பங்காளிக்கு வாங்குகிறவர் பிடிக்கும் வரி வேறு. முன்பணம் வாங்கும் முன் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

கூரை முடிந்ததும் உடனே ஆளைக் கூப்பிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடு ஒருமுறை நனையட்டும். வாங்க வருகிறவரைத் தூறல் விழும் நாளில் வளவு மூலையில், கூடுவாய்க்கு நேர் கீழே நிறுத்தி, காய்ந்த சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிரித்தபோது எடுத்த கைமரப் படங்களையும் பில்களையும் சாவிக்கொத்தோடு சேர்த்து அங்கேயே கையில் கொடுங்கள்.