டர்போ வண்டிக்கு மேப் சென்சார் ஆன்லைன்ல வாங்குறீங்களா? உஷார், 3,450 ரூபாய் போச்சு

கார் ஸ்பேர் மட்டும் விக்கிற ஒரு ஆப். பேர் போடல, போட்டா பதிவையே தூக்க வச்சுடுவாங்க. வி.ஜி.டி. (பிளேடு கோணம் மாறுற) டர்போ டீசல் செடான் ஒண்ணுக்கு மேப் சென்சார் (இன்ஜினுக்குப் போற காத்தோட அழுத்தத்தை மேனிஃபோல்டுல அளக்குறது) ஆர்டர், 3,450 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. வந்தது வேற ரேஞ்ச். "ரிட்டர்ன் நிராகரிக்கப்பட்டது"னு இன்னைக்குக் காலையில மெசேஜ்.

அந்த வண்டிக்கு வேண்டியது 2.5 பார், அதாவது 250 கிலோபாஸ்கல் வரை அளக்குற சென்சார். 20 கிலோபாஸ்கல்ல 0.4 வோல்ட், 250ல 4.65 வோல்ட் தரணும். பழைய சென்சார் முதுகுல இருந்த நம்பரை போட்டோ எடுத்து சாட்ல அனுப்பியாச்சு. பதில் உடனே வந்துச்சு: "சேம் நம்பர் சார், ஒரிஜினல், கண்ண மூடிட்டு மாட்டுங்க." பெட்டி மேல நம்பர் ஒரு இலக்கம் பிசகாம இருந்துச்சு. ஹாலோகிராம் ஸ்டிக்கர் வேற. நாலு பின் கனெக்டர் டக்குனு உக்காந்துச்சு, ஓ-ரிங் சரி, போல்ட் ஓட்டை சரி. இதுக்கு மேல ஒருத்தன் எதை நம்பணும்?

இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், ஸ்கேனர்ல பார்த்தா 83 கிலோபாஸ்கல். வண்டி நிக்கிறது கோயம்புத்தூர்ல, இங்க 96, 97 காட்டணும். 83னா மலையேறி குன்னூருக்குக் கொஞ்சம் கீழ நிக்கிறோம்னு அர்த்தம்! ஈ.சி.யு. (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) உள்ளேயே வெளிக் காத்தழுத்தம் பார்க்க தனி சென்சார் இருக்கு, அதோட இது ஒத்துப் போகலனு பி0069 எரர் கோடு விழுந்து, பவரைக் குறைச்சு ஓட்டுற லிம்ப் மோடுக்குப் போயிடுச்சு.

கழட்டி முதுகுல இருந்த ஸ்டிக்கரை உரிச்சா, அடியில நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கான். மேஜையில 5 வோல்ட் கொடுத்து, ட்யூப் மாட்டி, கேஜ் வச்ச பம்ப்ல வெளிக் காத்தழுத்தத்துக்கு மேல 1 பார் ஏத்திப் பார்த்தா சிக்னல் 3.1 வோல்ட். 2.5 பார் சென்சாரா இருந்தா 3.65 பக்கம் வந்திருக்கணும். ஆக இது 3 பார் சென்சார்.

இதைச் சொன்னதுக்கு சாட்ல வந்த பதில்தான் வயித்தெரிச்சல்: "3 பார் இன்னும் ஹெவி சார், அப்கிரேடுதான்." அப்கிரேடாம்! ஈ.சி.யு.வுக்குத் தெரிஞ்சது வோல்ட் மட்டும்தான். 220 கிலோபாஸ்கல் வேணும்னா அது 4.1 வோல்ட் வர்ற வரைக்கும் டர்போவ விரட்டும். 3 பார் சென்சார் 4.1 வோல்ட் தர்றப்போ மேனிஃபோல்டுல உண்மையில இருக்கறது 263. அப்ப ஸ்கேனர்ல 220னு ஒழுங்காத் தெரியும், எரர் கோடு விழாம ஓடுற வண்டியில இன்டர்கூலர் ஹோஸ் பிச்சுக்கும், டர்போ அளவுக்கு மீறி சுத்தும். பெரிய ரேஞ்ச் போடணும்னா ஈ.சி.யு. சாஃப்ட்வேர்ல சென்சார் அளவையும் மாத்தணும், ரீமேப் பண்றவங்க அப்படித்தான் செய்வாங்க. சும்மா மாட்டிட்டு ஓட்டுறதுக்குப் பேர் அப்கிரேடு இல்ல.

அப்புறம் கஸ்டமர் கேர். முதல்ல "வீடியோ அனுப்புங்க", அனுப்பினா "வீடியோ தெளிவா இல்ல". அடுத்தவர் "மாட்டின எலக்ட்ரிகல் பார்ட் ரிட்டர்ன் கிடையாது"ன்னார். மாட்டாம எப்படிய்யா தெரியும்? இன்னொருத்தர் "உங்க மெக்கானிக் ஷார்ட் பண்ணியிருப்பார்". ஷார்ட் ஆன சென்சார் பம்ப் அடிக்க அடிக்க வோல்ட் ஏத்திக் காட்டுமா? 3,450 ரூபாய்க்கு பதிலா 200 ரூபாய் கூப்பன் தர்றேன்னாங்க, அதே ஆப்ல வாங்குறதுக்கு! டிக்கெட் க்ளோஸ்டு.

சென்சார் தேர்வு பத்தி விரிவா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. அவசரத்துக்கு இதை மட்டும் பாருங்க. பெட்டி நம்பரை நம்பாதீங்க, சென்சார் முதுகுல அச்சடிச்ச நம்பரைப் பாருங்க, மேல ஸ்டிக்கர் இருந்தா வாங்காதீங்க. சென்சார் காட்டுறது முழு அழுத்தம், பூஸ்ட் கேஜ் காட்டுறது அதுல காத்தழுத்தம் போக மிச்சம். 1.2 பார் பூஸ்ட்னா சென்சார் 220 படிக்கணும், டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியோட 1 பார் சென்சார் அதுக்கு ஆகவே ஆகாது. மாட்டினதும் ஸ்டார்ட் பண்ணாம ஸ்கேனர்ல பாருங்க: சென்னையில 101 பக்கம், ஊட்டியில 78 பக்கம் வரணும். நாலு பின்ல ஒண்ணு டெம்பரேச்சருக்கு, அதுக்கும் கிரவுண்ட் பின்னுக்கும் நடுவுல 20 டிகிரியில 2.5 கிலோ ஓம் பக்கம் இருக்கானு மீட்டர் வச்சுப் பாருங்க. பழசு அழுக்கா இருந்தா முதல்ல கழுவிப் பாருங்க, இ.ஜி.ஆர். (புகையில கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புற அமைப்பு) கரி அடைச்சுதான் பாதி சென்சார் செத்த மாதிரி நடிக்குது, ஊசி விட்டு மட்டும் குத்திடாதீங்க. பார்சல் பிரிக்கிறப்போ வீடியோ ஓடட்டும், சென்சார் முதுகை கேமராகிட்ட காட்டி எடுங்க.