அவுட்போர்டுக்கு எண்ணெய் வாங்கப் போன கதை

துபாயில் ஒரு மரீனாவில், அதாவது உல்லாசப் படகுகள் நிறுத்தும் துறையில், படகு மெக்கானிக்காக இருக்கிறேன். 11 வருடம் ஆகிவிட்டது. எங்களிடம் வருவதெல்லாம் வேகப் படகுகள். மெர்க்குரி ரேசிங் 450ஆர் மாதிரி, 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர், சூப்பர்சார்ஜர் வைத்த 450 குதிரைத்திறன் என்ஜின் இரண்டை ஒரே படகின் பின்னால் மாட்டிக்கொண்டு வருவார்கள். இப்படி வெளியே மாட்டுகிற என்ஜினைத்தான் அவுட்போர்டு என்போம். ஆகஸ்டில் அங்கே கடல் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். சாதாரண படகுக்கு 25டபிள்யூ-40 தடிமன் எண்ணெய், பந்தய என்ஜினுக்கு 25டபிள்யூ-50. கியருக்கு 75 குதிரைத்திறனுக்குக் கீழே ஒரு டப்பா, மேலே வேறு டப்பா. அலமாரியில் கை தானாகவே சரியான டப்பாவுக்குப் போய்விடும். அந்த நினைப்போடுதான் ஜூன் மாதம் ஊருக்கு வந்தேன்.

ஊர் குளச்சல் பக்கம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. வெளியே என்ஜின் மாட்டிய சின்ன வள்ளத்துக்குத் தடை கிடையாது, ஆனால் தங்கை வீட்டுக்காரனுடைய ஃபைபர் வள்ளம் கரையிலேயே கிடந்தது. 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் என்ஜின். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற வகை. “கியர் போட்டா ஒரு சத்தம் வருது மச்சான், என்னன்னு பாரேன்” என்றான்.

கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவைக் கழற்றினேன். முதலில் நாலைந்து சொட்டு வெறும் தண்ணீர். பிறகு மேல் ஸ்க்ரூவையும் கழற்றியதும் எண்ணெய் இறங்கியது, பால் கூடிப்போன காப்பி நிறத்தில். தண்ணீர் புகுந்துவிட்டது. ஸ்க்ரூ முனையில் இருக்கும் காந்தத்தில் பேஸ்ட் மாதிரி கொஞ்சம் இரும்புத்தூள். விரலில் தேய்த்தால் மாவாக இருந்தது, இரும்புச் சில்லு எதுவும் தட்டுப்படவில்லை. நல்லவேளை, பல்சக்கரம் தப்பித்திருந்தது.

எண்ணெய் வாங்க முதலில் போனது டவுனில் இருக்கும் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு. பேரலில் இருந்து தண்ணீர் பாட்டிலில் பிடித்து “90 ஆயில்” என்று நீட்டினார்கள். எரிபொருளில் கலக்குகிற டூ ஸ்ட்ரோக் எண்ணெயும் கேட்டேன், பழைய பைக்குக்குப் போடுகிற 2டி வந்தது. “போட்டுக்கும் இதுதானே சார் எல்லாரும் வாங்குறாங்க” என்றார் கடைப் பையன். நான் அவனுக்கு ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். பாவம், பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

வகுப்பில் சொன்னது இதுதான். பைக் என்ஜின் காற்றில் குளிர்வது, சூடாக ஓடும். அதன் எண்ணெயில் சேர்க்கும் சில மருந்துகள் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அவுட்போர்டு கடல் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது, அதனால் அவ்வளவு சூடாகாது. அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படிந்து, உள்ளே எரிபொருளை நேரம் தவறிப் பற்ற வைக்கும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருந்தால் சாம்பல் விடாத எண்ணெய் என்று அர்த்தம். நடுவில் இருக்கும் அந்த டபிள்யூ தண்ணீரைக் குறிக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் எஃப்சி-டபிள்யூ என்று பார்த்து வாங்க வேண்டும். கடல் உப்பில் துருப்பிடிக்காமல் காக்கிறதா என்ற தனிச் சோதனை அதற்கு உண்டு.

பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ வேண்டாமா சார்?” என்றான்.

அப்புறம் துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்னக் கடை. வெளியே பார்த்தால் வலைக்கடை மாதிரிதான் இருக்கும், உள்ளே சீல், இம்பெல்லர், ஷியர் பின் என்று என்ஜின் சாமான் எல்லாம் சைஸ் வாரியாக டப்பாவில். டிசி-டபிள்யூ3 கேட்டதும் மறு கேள்வி இல்லாமல் எடுத்து வைத்தார்கள். டவுன் கடையைவிட விலை கூடத்தான், ஆனால் மூடி சீல் உடையாமல் இருந்தது. பில்லும் கொடுத்தார்கள். கியருக்கு மட்டும் நான் துபாயில் பார்த்த படகுக்கென்றே வரும் கியர் எண்ணெய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து வரவழைக்கலாம், ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். கடைக்குப் பின்னால் அவருடைய பட்டறை. “மக்கா, உன் என்ஜின் புத்தகத்துல என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார். மச்சான் போனில் படம் எடுத்து வைத்திருந்த மேனுவல் பக்கத்தைப் பார்த்தோம். ஹைப்பாய்டு கியர் ஆயில், எஸ்ஏஇ 90. அவ்வளவுதான். 450 குதிரைக்கு வேண்டியதை 9.9 குதிரைக்கு நான் தேடிக்கொண்டிருந்தேன். “சீல் போட்ட டப்பாவுல வாங்கு. பேரல்ல பிடிக்காதே. அது போதும்” என்றார். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

என்ஜினை அவரிடமே கொடுத்தோம். புரொப்பெல்லரைக் கழற்றியதும் தெரிந்தது: ஷாஃப்டைச் சுற்றி மோதிரம் மாதிரி இறுகிக் கிடந்தது தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு. வலையிலிருந்து அறுந்தது சுற்றிச் சுற்றி உள்ளே போய், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலின் உதட்டை அறுத்துவிட்டது. எண்ணெயில் கோளாறே இல்லை. எவ்வளவு உசத்தியான எண்ணெய் ஊற்றியிருந்தாலும் காப்பிதான் ஆகியிருக்கும்.

புது சீல் போட்ட பிறகு அவர் செய்த சோதனையை நான் இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எங்கள் மரீனாவில் இதற்கு அழுத்தம் காட்டும் கேஜ் வைத்த தனிப் பம்ப் உண்டு. அவர் எண்ணெய் ஓட்டையில் ஒரு ரப்பர் டியூபைப் பொருத்தி, சைக்கிள் பம்ப்பால் மெதுவாக இரண்டு அடி அடித்தார். “கூட அடிச்சா நல்ல சீலும் பிதுங்கிரும்.” ஷாஃப்டைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. எண்ணெயைக் கீழ் ஓட்டை வழியாகவே ஏற்றினார். மேல் ஓட்டையில் காற்றுக்குமிழ் இல்லாமல் வழிந்ததும் மேல் ஸ்க்ரூவை முதலில் போட்டு, பிறகு கீழேயுள்ளதைச் சட்டென்று அடைத்தார். இரண்டு ஸ்க்ரூவுக்கும் புது வாஷர். பிடித்தது ஏறக்குறைய கால் லிட்டர். பாட்டிலைப் பிடித்து மேலிருந்து ஊற்றுகிறவர்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே காற்று தங்கி எண்ணெய் குறைவாக நிற்கும்.

கூலி 600 ரூபாய், சீல் தனி. குறை என்று சொன்னால், காலையில் முடியும் என்றது அந்தி வரை இழுத்தது, நடுவில் இரண்டு முறை டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு விடுமுறைதானே, உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

புது சீல் என்பதால் பத்து நாள் ஓட்டிவிட்டு எண்ணெயை ஒரு தடவை இறக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் மச்சான் படம் அனுப்பினான். லேசாக வெளுப்பு இருக்கிறது. மூலையில் தங்கியிருந்த பழைய தண்ணீராக இருக்கலாம், முதல் மாற்றத்தில் அது சகஜம். இருந்தாலும் புரொப்பெல்லரைக் கழற்றி நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. கடலுக்குப் போயிருப்பான்.