இரண்டும் பெண்தான், ஆனால் ஒன்று சினை

கடையின் பெயரைப் போடவில்லை, சென்னையில் ஒரு பெட் ஷாப். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் கூண்டுகள் சுத்தமாக இருந்ததற்கு.

"ரெண்டும் பொண்ணுதான் மேடம், தைரியமா வளருங்க" என்று சொல்லி இரண்டு கினி பிக் கொடுத்தார்கள். அதில் பொய் இல்லை, இரண்டும் பெண்தான். ஆனால் கடையில் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் போட்டு வைத்திருந்ததால் ஒன்று சினையாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. வயிறு பெருக்கிறதே என்று போன் செய்தால் "நல்லா சாப்பிடுது மேடம்" என்று பதில். பெண் குட்டி நாலு வாரத்திலேயே பருவத்துக்கு வரலாம், அதனால் ஆண் குட்டிகளை 3 வாரத்தில் பிரித்துவிட வேண்டும், விற்கிறவர்களுக்கு இதுகூடத் தெரியாதா?

எங்களுடையது சின்ன வயது, டாக்டர் கண்காணிப்பில் நல்லபடியாக ஈன்றது. எனக்குக் கோபம் வந்தது அதற்கப்புறம் நடந்ததில்தான். அதே கடையில் ஒரு வயது தாண்டிய, ஒருமுறைகூட ஈனாத பெண்ணைக் காட்டி, ஆணோடு ஜோடியாக எடுத்துக்கோங்க, குட்டி போடும் என்கிறார்கள். முதல் ஈற்று 6 முதல் 8 மாத வயதுக்குள் நடக்காவிட்டால் இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிவிடும், பிறகு ஈனும்போது தேவையான அளவுக்கு விரியாது. கினி பிக் குட்டியோ முடி, பல் எல்லாம் முளைத்து, கண் திறந்து, பெரிய உருவத்தோடு பிறக்கிறது. உள்ளே சிக்கினால் சிசேரியன்தான், இவ்வளவு சின்ன உடம்புக்கு அது லேசான விஷயமில்லை. இருபது நிமிஷம் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

சினைக்காலம் 59 முதல் 72 நாள். கடைசி இரண்டு வாரத்தில் தீனியைத் தொடாமல் சுருண்டு உட்கார்ந்தால் அதுவும் அவசரம்தான்: சினைக்கால டாக்ஸீமியாவாக (உடம்பில் நச்சு சேரும் கோளாறு) இருக்கலாம், குண்டான பெண்களுக்கு அதிகம் வரும், ஒரே நாளில்கூட உயிர் போய்விடும். ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும் என்பதால் ஆண் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. ஜோடி ஜோடியாக விற்கிற கடையில் இதில் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

காய்ந்த புல் நன்றாக இருக்கிறது, அதை வாங்கலாம். பெல்லட் (உருட்டிய தீனி) வாங்கினால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், மூன்று மாதம் தாண்டினால் வைட்டமின் சி பெரும்பாலும் போயிருக்கும், சினைக்கு அது வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். நான் கொய்யாவும் குடைமிளகாயும் கொடுத்தேன்.