நிலையான விலையா, ஏலமா? வியட்நாமும் இந்தியாவும் போன இரு வழிகள்

சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் முதலீட்டை வரவழைக்க வளரும் ஆசிய நாடுகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்தன. யூனிட்டுக்கு இவ்வளவு தருகிறோம் என்று அரசே விலையை அறிவிப்பது ஒன்று. குறைந்த விலைக்குத் தருபவருக்கே ஒப்பந்தம் என்று ஏலம் விடுவது மற்றொன்று. வியட்நாம் முதல் வழியில் ஓடியது. இந்தியா இரண்டாவது வழியில் நடந்தது.

ஓடியது என்பது மிகையல்ல. 2017இல் யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட், அதுவும் 20 ஆண்டுகளுக்கு என்றது வியட்நாம். 2019 ஜூன் 30க்குள் மின்சாரம் தரத் தொடங்கும் ஆலைக்கே அந்த விலை. 2018 முடிவில் சுமார் 100 மெகாவாட்டாக இருந்த சூரிய மின்திறன், கெடு முடிந்தபோது 4,400ஐத் தாண்டியிருந்தது. கூரை சோலாருக்கும் கெடு வந்தது. 2020 முடிவில் மொத்தம் 16,000 மெகாவாட்டுக்கு மேல்!

ஆனால் தெற்கே வெயில் கொட்டும் நின் துவான், பின் துவான் மாகாணங்களிலேயே ஆலைகள் குவிந்தன. பேனல்களைச் சில மாதங்களில் நிறுவிவிடலாம். உயரழுத்த மின்பாதைக்கு நிலம் எடுக்கவே ஆண்டுகள் போய்விடும். விளைவு, நன்றாக ஓடும் ஆலைகளையே உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. 2023 மே, ஜூனில் வடக்கே அணைகள் வற்றி மின்வெட்டு வாட்டியபோதும், தெற்கின் மின்சாரத்தைத் தேவையான அளவு மேலே அனுப்பப் பாதை போதவில்லை. மின்சாரம் ஒரு பக்கம், தவிப்பு இன்னொரு பக்கம் என்ற அந்த நிலையை எண்ணினால் இன்றும் மனம் ஆறவில்லை.

இந்தியாவில் ஏலம் விலையை உடைத்தது. 2017இல் ராஜஸ்தானின் பட்லாவில் யூனிட் 2.44 ரூபாய், 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1.99 ரூபாய். நுகர்வோருக்கு இது பெரிய லாபம்தான். ஆனால் 2022க்குள் எட்ட வேண்டிய 1,00,000 மெகாவாட் சூரிய மின்திறனை 2025 ஜனவரியில்தான் நாடு தொட்டது. தாமதத்துக்குக் காரணங்கள் பல. அடுத்த ஏலத்தில் விலை இன்னும் இறங்கும் என்று மாநில மின்வாரியங்கள் கையெழுத்திடாமல் காத்திருந்ததும் அவற்றில் ஒன்று.

காற்றாலைக்கு ஏலம் கொடுத்த அடி இன்னும் கடுமை. 2016-17இல் 5,000 மெகாவாட்டுக்கு மேல் கூடிய திறன், நிலையான விலையிலிருந்து ஏலத்துக்கு மாறிய அடுத்த ஆண்டில் 2,000ஐக்கூடத் தொடவில்லை. பேனலைப் போலக் காற்றாலையின் விலை விழவில்லை. காற்று நன்றாக வீசும் இடங்களும் கொஞ்சமே. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியதைத் தவறென்றே சொல்வேன்.

புதிதாகத் தொடங்கும் நாட்டுக்கு என் தேர்வு: சந்தை உருவாகும்வரை, சிறிய அளவுக்கு மட்டும் நிலையான விலை, சூரிய மின்சாரத்தைப் பிறகு ஏலத்துக்கு மாற்றலாம், காற்றாலைக்கு அந்த அவசரம் வேண்டாம். எந்த வழியானாலும் மின்பாதைக்கு முதல் இடம். அது முடியாத காரியமும் அல்ல. நாட்டின் நடுப்பகுதியிலிருந்து வடக்கே செல்லும் சுமார் 519 கிலோமீட்டர், 500 கிலோவோல்ட் பாதையை 2024 ஜனவரியில் தொடங்கி அதே ஆண்டு ஆகஸ்டில் முடித்துக் காட்டியது அதே வியட்நாம்தான்.